கேள்வி என்னுடையது, கைதட்டல் பார்னிக்கு

கோல்டர்விக்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகள் பிப்பாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம். டுனீடினில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் ஓவனும் எங்களைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் புது இடுப்பு எலும்பு நன்றாகவே ஒட்டிக்கொண்டது, மருத்துவருக்கும் திருப்தி, ஆனால் படியேறினால் இன்னும் முகம் சுளிக்கிறாள், தண்ணீரில் இருக்கும்போது மட்டும்தான் வலி இல்லை என்கிறாள். தோட்டத்து ஆப்பிள் இந்த ஆண்டு அளவுக்கு மீறிக் காய்த்துவிட்டது, தெரு முழுக்கக் கொடுத்தும் மீதி இருக்கிறது. தொலைபேசியில் சொல்லக்கூடியவற்றை எல்லாம் சொல்லிவிட்டேன், சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் இதைத் தொட்டாலே புருவத்தை உயர்த்துகிறாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு பார்னி ட்ரஸ்காட் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "உன் பொண்ணு நியூசிலாந்துலேருந்து வாழ்த்து அனுப்பியிருக்கா பாரு கென், மூணு இதயம் போட்டிருக்கா" என்று தன் கைப்பேசியைக் காட்டினான். பார்த்தேன். மூன்று இதயங்கள் இருந்தன. நம் ஊர் நீச்சல் குளத்தைக் காப்பாற்றிய வீரர் என்று எழுதியிருந்தாய். நீ எனக்குக் கடைசியாக அனுப்பிய செய்தி கண் சொட்டு மருந்தை மறக்க வேண்டாம் என்பது. அதில் இதயம் எதுவும் இல்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, இந்த வரியை ஒரு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், இருக்கட்டும். பார்னி மன்றத்தில் பேசியதாக நீ பார்த்த அந்தக் காணொளியில் முதலில் என்ன நடந்தது என்பது இல்லை, அதை வரிசையாகச் சொல்லிவிட்டால் என் மனம் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன், அடங்காமலும் போகலாம்.

நகர மன்றம் கட்டிய புதுப் பேருந்து நிலையத்தைப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். கண்ணாடிக் கூரை, நடுவில் ஒரு செயற்கை அருவி, லண்டனிலிருந்து வந்த ஆலோசகர்கள், நாடா வெட்டும் விழா எல்லாம் ஆயிற்று, முதல் நாள் வந்த மாடிப் பேருந்து உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. கூரை தாழ்வு. நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் மாடிப் பேருந்து என்பதை யாரும் யோசிக்கவில்லை. பயணிகள் இன்றைக்கும் வெளியே மழையில்தான் நிற்கிறார்கள், உள்ளே அருவி மட்டும் ஓடுகிறது. தலைநகரத்தில் பெரிய அளவில் வீணாக்குகிறார்கள், நாங்கள் எங்கள் வசதிக்கு ஏற்ற அளவில். இது போதாதென்று கூரையைப் பிரித்து உயர்த்த மறுபடி பணம் ஒதுக்கினார்கள், அதே கூட்டத்தில் பணமில்லை என்று சொல்லி நீச்சல் குளத்தை மூடப் போவதாக அறிவித்தார்கள். அடுத்த குளத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும், நான் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், அம்மாவால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. குளம் மூடினால் அம்மாவின் கால் மூடியது போலத்தான், வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மன்றக் கூட்டத்தில் பொதுமக்களும் ஒரு கேள்வி கேட்கலாம், அதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும், பதில் வந்த பிறகு கேட்டவரே ஒரு துணைக் கேள்வி கேட்கலாம், அது வழக்கம். அந்தக் கேள்வியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஆவணக் காப்பகத்தில் வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவன், ஒரு வார்த்தை கூடினாலும் தூக்கம் வராது. கடைசியில் இப்படி அமைந்தது: "பேருந்து நுழைய முடியாத நிலையத்தை இரண்டாம் முறை கட்டப் பணம் வைத்திருக்கும் மன்றம், மக்கள் தினமும் நுழையும் குளத்தை மூடுவதற்கு என்ன காரணம் சொல்கிறது?" நன்றாக இருக்கிறதா பிப்பா? நன்றாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் எழுந்து நின்று வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. போன ஆண்டு தெருவிளக்கு விஷயமாக அதே மன்றத்தில் எழுந்து "மன்னிக்கவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன் நான். எனவே கேள்வியை பார்னியின் பெயரில் அனுப்பினேன். அவன் ஆயுள் முழுக்கப் பழைய கார் விற்றவன், துருப்பிடித்த கதவைக்கூட வாங்குகிறவன் மகிழும்படி விவரிப்பான்.

கூட்டத்தன்று மாலை அவன் என் வாக்கியத்தை வாசித்தான். அவசரமாக வாசித்தான், "இரண்டாம் முறை" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தேன், நிறுத்தவில்லை. மன்றத் தலைவர் ஸ்டான்டிஷ் எழுதி வைத்திருந்த பதிலைப் படித்தார், அதில் சவால்கள், வாய்ப்புகள், சூழல் என்று எல்லாம் இருந்தது, காரணம் மட்டும் இல்லை. துணைக் கேள்வியையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பார்னி அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். "அப்ப ஒண்ணு பண்ணுங்க தலைவரே, அந்த பஸ் நிலையத்துலதான் அருவி ஓடுதே, பஸ்ஸும் வர்றதில்ல, நாங்க அங்கயே நீந்திக்கிறோம், துண்ட எங்க மாட்டணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றான். மன்றமே சிரிப்பில் குலுங்கியது. ஸ்டான்டிஷ் சிவந்துபோய் உட்கார்ந்து, மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கெழங்க வீட்டுத் தொட்டியிலயே ஊறிக் கிடக்கட்டுமே" என்றார். அதைத்தான் நீ அங்கே பார்த்தாய். மறுநாளே பாட்டிமார் குளியல் தொப்பி மாட்டிக்கொண்டு ரப்பர் வாத்துகளோடு மன்ற வாசலில் நின்றார்கள், உன் அம்மா உட்பட. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக ஸ்டான்டிஷ் சொன்னார், அது மன்னிப்பு ஆகாது என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. வார முடிவில் குளத்தை மூடும் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

நான் மகிழ வேண்டும், தெரியும். மகிழ்ந்தேன், ஒரு மணி நேரம் இருக்கும். பிறகு தபால் அலுவலகத்துக்குப் போனேன், அங்கே உள்ள திருமதி ப்ளென்கின், "நீங்க பார்னி வீட்டுக்குப் பக்கத்து வீடா? குடுத்து வச்சவங்க" என்றார். இறைச்சிக் கடைக்காரர் அவனுக்குக் காசு வாங்காமல் தொத்திறைச்சி கொடுக்கிறார். மதுக்கடையில் அவன் கோப்பை காலியாவதே இல்லை. செய்தித்தாளில் தோளில் துண்டோடு அவன் படம். உன் அம்மா எலுமிச்சை கேக் செய்து முழுதாக அவனுக்கே அனுப்பினாள், எனக்கு ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொள்ளப் பாத்திரம் கிடைத்தது. இதில் மிகவும் கஷ்டம் எது என்றால், அவன் என்னை ஏமாற்றவும் இல்லை. நிருபரிடம், "கேள்விய எழுதினது பக்கத்து வீட்டு கென்" என்று சொன்னானாம், அவர்கள் அச்சிடவில்லை. அவன் மோசமானவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். இரவில் படுத்துக்கொண்டு துண்டு மாட்டும் அந்த வசனத்தை நானே யோசித்திருக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியாது. ஒன்பது நாள் கொடுத்தாலும் முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிறுத்தி வைத்தார்களே தவிர ரத்து செய்யவில்லை, வரும் வியாழக்கிழமை இறுதி வாக்கெடுப்பு. ஸ்டான்டிஷுக்காகக் கை தூக்கப் போதுமான ஆட்கள் இருப்பதாகப் பேச்சு, ஊர் அமைதியாகிவிட்டது என்று நினைத்தால் மூடிவிடுவார்கள். அதனால் புதுக் கேள்வி ஒன்று எழுதினேன்: "நிலையத்தின் கூரையைப் பற்றி முடிவெடுக்க மன்றத்துக்கு ஒரே ஒரு மாலை போதுமானதாக இருந்தது, குளத்தைக் காப்பாற்ற எத்தனை மாலைகள் வேண்டும்?" இந்த முறை படிவத்தில் என் பெயரையே எழுதினேன். கருவிக் கொட்டகைக்குள் நின்று பயிற்சி செய்தேன், குரல் நன்றாகவே வந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பார்னி, "என்ன கென், புல்வெட்டி பதில் சொல்லுச்சா?" என்றான். அவனுக்கு எல்லாமே இப்படி வந்து விழுகிறது. அவன் சிரித்துவிட்டு, "நீயே கேளு கென், உன்னோடதுதான அது" என்றும் சொன்னான், அதை நான் இங்கே மறைக்கக் கூடாது.

அன்று தேநீர் நேரத்தில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ எழுந்து நின்னா நான் பெருமைப்படுவேன் கென், பொய் சொல்லல. ஆனா நடுவுல குரல் நின்னுபோச்சுன்னா அவங்க நன்றின்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. எனக்கு நீ ஜெயிக்கிறது வேணாம். எனக்கு நீந்தணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எழுந்திருக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டகையில் வந்த குரல் மன்றத்தில் வரும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது பிப்பா. புதுப் படிவம் எடுத்து பார்னியின் பெயரை எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி நேற்று அனுப்பிவிட்டேன். பெருந்தன்மையால் செய்தேன் என்று நீ நினைத்துவிடாதே. பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன், இன்னும் கடித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஓவனுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், புது வேலையில் உன்னை அளவுக்கு மீறிப் பிழியவிடாதே. மறக்காமல் ஒன்று செய். வியாழக்கிழமைக் கூட்டத்தை மன்றம் இணையத்தில் நேரடியாகக் காட்டும், உங்களுக்கு அது வெள்ளிக்கிழமை காலை. பார்னி கடைசியில் ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பான், நானும் சிரித்துத் தொலைப்பேன், அப்போது நீ யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள். ஆனால் அதற்கு முன்பு அவன் தாளைப் பார்த்து வாசிக்கும் அந்த ஒரு வாக்கியத்தின்போது மட்டும் அவனைப் பார்க்காதே. அம்மாவுக்குப் பக்கத்தில், சாம்பல் நிறக் கோட்டோடு, அவன் கூடவே வாயசைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்.

உன்மேல் மாறாத அன்புள்ள
அப்பா,
கெனத் ஹாலம்