குடை விழுந்த இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் ஜாஸ் குழுவில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போட்ட கட்டை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். வாசலில் யார் நின்றாலும் இனி முகம் பார்த்தே சொல்லிவிடுவார்.

நீ அனுப்பிய இசைத்தட்டு வந்தது. ஐந்து ஊர் மேடைகளில் நேரடியாகப் பதிவானது என்று அட்டையில் போட்டிருக்கிறாய். அப்பா நான்கு முறை கேட்டுவிட்டார். இரண்டாவது பாட்டில் உன் டிரம்பெட் முடிந்து கைதட்டல் எழும்போதெல்லாம், "பெரியவ பிச்சு உதறிட்டா பாத்தியா? நீயும் கூடவே போனியே, உன் சத்தத்தையே காணோம்?" என்கிறார். பின்வரிசையில் இருந்தேன் என்றேன்.

மூன்றாவது ஊரில் உனக்கு உதடு வெடித்து, அந்தப் பாட்டில் நீ தனியாக வாசிக்கும் இடத்தை வாசிக்க முடியவில்லை. "இன்னிக்கு இந்த இடத்தை நீ எடுத்துக்கடி. சொதப்பினா பஸ்ல ஏத்த மாட்டேன்" என்றாய். நான் சொதப்பவில்லை. என் டிராம்போன் கடைசிச் சுரத்தில் நின்றபோது அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் யாரோ மடியில் வைத்திருந்த குடை தடாலென்று விழுந்தது. ஒரு பெண் சிரித்தாள். அப்புறம்தான் கைதட்டல்.

மறுநாள் பேருந்தில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, பதிவுக் கருவி பழுதாகி அந்தக் கச்சேரி பதிவாகவே இல்லை என்றாய். நான்தான் உனக்கு ஆறுதல் சொன்னேன்.

இசைத்தட்டில் இருப்பது ஐந்தாவது ஊரில் நீ வாசித்தது. நன்றாகவே வாசித்திருக்கிறாய். அது முடிந்ததும் குடை விழுகிறது. அந்தப் பெண் சிரிக்கிறாள்.

ஓர் ஊர்க் கைதட்டலை இன்னோர் ஊரோடு ஒட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான், அதற்காக எழுதவில்லை. குடை விழுந்தபோது நீ மேடைக்குப் பின்னால் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு அது ஏதோ ஒரு சத்தம். அதனால்தான் வெட்டச் சொல்லத் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் கைதட்டல் என்றே கேட்டுச் சந்தோஷப்படட்டும். அடுத்த பயணத்துக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாய். என் நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பதிவாகவே இல்லை என்றாயே, அந்த மூன்றாவது ஊர்ப் பதிவை எனக்கு அனுப்பு. யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன். நான் எப்படி வாசித்தேன் என்று எனக்கே இன்னும் தெரியாது.

குளிர் ஊர்களுக்குப் போகிறாய். உதட்டில் எண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதே. நன்றாக இரு.

உன் தங்கை