எத்தனை டம்ளர் தண்ணீர்

கோவில்பதாகை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் நிவேதிதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மும்பை வெயிலும் முகாம் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, உன் பாய்மரப் படகின் மேல்தட்டில் இருக்கும் வட்ட மூடிக்குள் வைத்திருக்கிறேன். லாரியிலிருந்து இறக்கியதும் நீ முதலில் அந்த மூடியைத்தான் திறப்பாய் என்று தெரியும். இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை படகைக் கடலில் இறக்காதே. அதட்டிச் சொல்லவில்லை கண்ணு, கெஞ்சிக் கேட்கிறேன்.

முகாமில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். போன ஞாயிறு அந்தப் பத்து நிமிடத்தில், படகு எப்படி இருக்கிறது என்று நீ இரண்டு முறை கேட்டாய். சூப்பராக இருக்கிறது, நீ பயிற்சியைப் பார் என்று சொன்னேன். அது பொய். நான் அதைச் சொன்னபோது உன் படகு மூக்குப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து வாசலில் கிடந்தது. பிளந்தவள் நானேதான்.

நடந்ததைச் சொல்கிறேன். போட்டிக்கு மும்பை போகிற லாரியில் ஏற்றும் முன் எல்லாப் படகையும் கசிவு பார்த்து அனுப்பச் சொல்லி உங்கள் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. நீயோ, அதெல்லாம் வேண்டாம்மா, நான் பார்த்துவிட்டேன் என்று அவசரமாகச் சொன்னாய். நீ எதையாவது அவசரமாகச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினான்கு வருடமாகப் பைக் பெட்ரோல் டேங்கைத் தண்ணீரில் முக்கி, காற்றேற்றி, குமிழ் வருகிறதா என்று பார்க்கிறவளிடமா கசிவு பார்க்க வேண்டாம் என்கிறாய்? சனிக்கிழமை லீவு போட்டேன். கரையான்சாவடியில் வாட்டர் டேங்க், கார் பம்பருக்கெல்லாம் பைபர் ஒட்டுகிற சுலைமானிடம் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரை வாங்கி வந்தேன். படகின் இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கிற பின்பக்கத் துளையில் ட்யூபைச் சொருகிக் காற்றைத் திறந்தேன்.

அங்கேதான் என் கை என்னை ஏமாற்றியது. கம்பெனியில் காற்றழுத்த மீட்டரின் முள் பச்சைக் கோட்டைத் தொட்ட பிறகுதான் குமிழ் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் சூப்பர்வைசர் திட்டுவார். நானும் அதே மாதிரி கம்ப்ரசர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது இரும்பு இல்லை என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. முள் பாதி தூரம்கூட வரவில்லை, டப் என்று ஒரு சத்தம். மேல்தட்டும் அடிப்பாகமும் சேருகிற இடம் முன்பக்கத்தில் விட்டுப்போனது. வீட்டுக்கார ஞானம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னாம்மா வனஜா, கப்பல் வெடிச்சிடுச்சா, இனிமேனாச்சும் என் ஸ்கூட்டர் உள்ள வருமா என்று கேட்டார். நான் கம்ப்ரசரை அணைக்க ஓடினேன். அப்பா அன்றிலிருந்து என்னைப் பஞ்சர் கடைக்காரி என்றே கூப்பிடுகிறார்.

திங்கட்கிழமை சுலைமான் வந்து பார்த்தான். இன்னாக்கா, இது டேங்க் இல்லக்கா, ரெண்டு முட்ட ஓட்ட ஒட்டி வெச்ச மாதிரி கீது, வாயால ஊதினாலே போதும் என்று தலையில் அடித்துக்கொண்டான். பிளந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பைபர் துணி வைத்து, பசை ஊற்றி இறுக்கிக் கட்டினான். வேலை சுத்தம். ஆனால் நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வேண்டும் என்றான். செவ்வாயும் புதனும் ஆவடிப் பக்கம் முழுக்கத் தூறல். தார்ப்பாய் கட்டி, உன் ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹேர் டிரையர் போய்விட்டது, வேறு வாங்கித் தருகிறேன்.

முழுக்கக் காயும்வரை பொறுக்காமல், செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவன் சொன்னபடி ட்யூபை வாயில் வைத்து மெல்ல ஊதினேன். ஒட்டிய இடத்தில் குமிழ் இல்லை. ஆனால் பாய்மரக் கம்பம் நிற்கிற குழிக்குள் சின்னச் சின்னதாய் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழியின் அடியில் ஓட்டை அடைக்கிற எம்சீல் ஒரு உருண்டை. அதன் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, குறுக்கே கோடு விழுந்த கட்டைவிரல் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருக்கிறது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். கம்பம் மொத்தமும் அந்தக் குழியை நம்பித்தானே நிற்கிறது? அதன் அடி ஊறி விட்டுப்போனால் நடுக்கடலில் கம்பம் சாயும் என்று சுலைமானுக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாதா? எத்தனை நாள் இப்படி உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டு போய் வந்தாய்? ஈர உடுப்போடு வீட்டுக்கு வந்து, இன்றைக்குக் காற்று ஜாலியாக இருந்ததும்மா என்று எத்தனை நாள் சொன்னாய்?

பிறகு ஜூன் மாதம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே ஒரு சொட்டு தண்ணீர் வந்தது தெரிந்தால் அன்றோடு படகு, பாய், போட்டி எல்லாவற்றுக்கும் முழுக்கு என்று சத்தம் போட்டேன். அப்படிச் சொன்னால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? டேங்கில் குமிழ் வந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற பழக்கம் எனக்கு. உன்னிடமும் அப்படியே நடந்துகொண்டிருக்கிறேன். வாசலில் அந்த எம்சீல் உருண்டையைப் பெயர்த்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை சுலைமான் மறுபடி வந்து குழியின் அடியிலும் பைபர் துணி வைத்து ஒட்டினான். நேற்று காலை குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டேன். ஐந்து மணி நேரம் கழித்தும் கோட்டை விட்டு இறங்கவில்லை. குழிக்கு நான் பொறுப்பு.

மூக்குப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. படகை டயர் மேல் சாய்த்து வைத்து, உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டின கோட்டின் இடது முனையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம் தெரிந்தது. துடைத்தேன், போய்விட்டது. அரை மணி கழித்து மறுபடி இருந்த மாதிரி இருந்தது. அது கசிவா, தூறல் ஈரமா, என் கை வியர்வையா என்று இதுவரை தெரியவில்லை. சுலைமானைக் கேட்டேன். வாட்டர் டேங்க்குன்னா நான் கேரண்டிக்கா, பொண்ணு ஏறிப்போற ஐட்டத்துக்கு நான் இன்னான்னு சொல்றது என்றான். அவன் நல்லவன், அதனால்தான் அப்படிச் சொன்னான். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். அங்கே உங்கள் பயிற்சியாளரிடம் முதலில் அதைக் காட்டு. என் மானம் போகும் என்று பார்க்காதே. எங்கம்மா கம்ப்ரசர் வைத்துவிட்டாள் என்றே சொல்.

இன்றைக்கு மூன்று மணிக்குக் கரையான்சாவடியில் லாரி நிற்கும். சுலைமானின் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். படகுக்குள் இட்லிப் பொடி, ஒரு ஸ்பாஞ்ச், நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். டம்ளர் காபிக்கு இல்லை. தினமும் கரைக்கு வந்ததும் பின்பக்க அடைப்பானைத் திறந்து படகைச் சாய்த்து, வருகிற தண்ணீரை அதில் பிடித்து அளந்து பார். முதல் நாள் கரையோரமாகவே போய் வா. படகு கொஞ்சம் கனத்த மாதிரி தோன்றினாலும் போட்டியை விட்டுத் திரும்பிவிடு. கடைசியில் வந்தாலும், வராமலே போனாலும் எனக்கு ஒன்றுதான். அப்பா பதக்கம் கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் என் பொய்யைச் சொல்லிவிட்டேன். உன் பொய்யை நீ சொல்ல வேண்டாம், அது என் கையில் இருக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் நேரத்தை வீணாக்க மாட்டேன். எத்தனை டம்ளர் என்று மட்டும் கேட்பேன். அரை என்றால் அரை, ஒன்பது என்றால் ஒன்பது. நான் கத்த மாட்டேன். வீட்டுக்கு வா என்று சொல்ல மாட்டேன். நீ சொன்னதும் கொஞ்ச நேரம் என்னிடமிருந்து சத்தம் வராமல் இருக்கலாம். லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே கண்ணு. நான் இருப்பேன்.

உன் அம்மா,
வனஜா