குடும்பத் தலைவர் உள்ளே இல்லை

நாள் 31. காலை 9:10

செவ்வாய், தென்சமவெளி, வீடு எண் 6. எழுதுவது வடிவு, மண் ஆய்வாளர். உடன் இருப்பவர் என் கணவர் உலகநாதன். சூரியத் தகடுகள் அவர் பொறுப்பு. அக்கம்பக்கம் என்று சொல்ல ஒன்பது மணி நேரப் பயணத்தில் தலைமைக் குடியிருப்பு மட்டும்.

வீட்டுக்குக் காவல் அமைப்பு பார்க்கும் வேலை இன்று முடிந்தது. போன வருடம் யாரோ தலைமைக் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் புகுந்து காற்றுக்கலன்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் இந்தப் பாடு. பூட்டுக்கு ஒன்று, காற்று, சூடு, விளக்குக்கு வேறொன்று எனத் தனித்தனியாக வாங்கலாம். எல்லாம் சேர்ந்த ஒன்றையும் வாங்கலாம். இருபத்தேழு வரிகளில் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். சேர்ந்ததுதான் ஜெயித்தது. ஒரே கம்பி, ஒரே பேட்டரி, ஒரே மூளை.

அவருக்குப் பிடிக்கவில்லை. தகடுகளின் பக்கமிருந்து வானொலியில் சொன்னார்: "சாவியையும் சோத்துப் பானையையும் ஒரே ஆளுகிட்டயா குடுப்பாக, வடிவு? எனக்கு என்னமோ சரியாப் படல."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 38. பகல் 11:00

பொருத்தியாயிற்று. படிவத்தில் முதல் கேள்வி, குடும்பத் தலைவர் யார். யோசிக்கவே இல்லை, அவர் பெயரை எழுதினேன். ஊரில் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் இணைப்பு வரை என் கை அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறது. இந்த வீடு கிடைத்தது என் வேலைக்கு. விதிகளை முழுக்கப் படித்ததும் நான்தான். ஆனாலும் தலைவர் அவர், நான் உறுப்பினர்.

ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. யாராவது கதவை உடைக்க வந்தால் வீடு தன்னைப் பூட்டிக்கொள்ளும். தலைவர் உள்ளே நின்று குரல் கொடுத்தால்தான் திறக்கும். வெளியே வைத்து மிரட்டிச் சொல்லவைத்தால் செல்லாது. நல்ல கெட்டிக்காரத்தனம் என்று பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டேன்.

நாள் 202. காலை 8:20

புழுதிக்காற்று தணிந்திருக்கிறது. தகடுகளைத் துடைக்க அவர் வெளியே போயிருக்கிறார். உடையில் ஆறு மணி நேரக் காற்று. பருப்பு ஊறப் போட்டிருக்கிறேன்.

காலை 9:30

8:50க்கு ஒரு சுழல்காற்று. கல் ஒன்று பறந்து வந்து வெளிக்கதவில் மோதியது. வீடு அதை ஆள் என்று எடுத்துக்கொண்டது. உள்கதவு, வெளிக்கதவு இரண்டும் பூட்டிக்கொண்டன.

அவர் வாசலில் நிற்கிறார். வானொலியில் தன் பெயரைச் சொல்லித் திறக்கச் சொன்னார். வீட்டின் பதில்: "குடும்பத் தலைவர் உள்ளே இல்லை. வெளிக்குரல் ஏற்கப்படாது." நானும் திறக்கச் சொன்னேன். அதற்கு வீடு: "உறுப்பினருக்கு அனுமதி இல்லை."

மின்சாரத்தை நிறுத்தினேன். மின்சாரம் போனால் தாழ்ப்பாள் பூட்டியபடியே நிற்கும். அட்டவணையில் பதினான்காவது வரி அது, அதற்கும் நல்ல மதிப்பெண் போட்டிருந்தேன். மறுபடி போட்டுவிட்டேன். மண்ணுக்கடியில் வீடு, ஜன்னல் கிடையாது. உபரிக் காற்றுக்கலன்கள் திருட்டுக்குப் பயந்து என் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன.

காலை 10:40

தலைமைக் குடியிருப்பில் உதவி மையத்துப் பெண், பெயர் ரெஜினா. சின்னப் பிள்ளை. அழுதுவிடுவாள் போல இருந்தது.

"மேடம், இங்கேருந்து எங்களால ஓப்பன் பண்ண முடியாது மேடம். அப்படி முடிஞ்சா திருடனும் பண்ணிடுவான்னுதான் அந்த ஆப்ஷனே வெக்கல. மீட்பு வண்டி கிளம்பிடுச்சு. சாயந்தரம் ஏழு மணிக்குள்ள வந்துடும்."

அவருடைய காற்று 2:20 வரை.

தலைவரை மாற்ற வழி இல்லையா என்று கேட்டேன்.

"தலைவர் இறந்துட்டா உறுப்பினருக்கு மாறும் மேடம். சாரி மேடம்."

பகல் 12:15

அவர் உடையில் நாடி பார்க்கும் கருவி இருக்கிறது. வீடு தன்னை இறந்தவராக எடுத்துக்கொள்ளட்டும் என்று அதன் இணைப்பை அணைத்துப் பார்த்தார். வீடு அவரை இறந்தவர் என்று எழுதவில்லை, காணாமல் போனவர் என்று எழுதியது. ஏழு நாள் காத்திருக்க வேண்டுமாம். மறுபடி போட்டார்.

கடப்பாரையால் உள்கதவை இடித்து இடித்து என் வலது கை வீங்கிவிட்டது. கதவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பகல் 1:20

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இங்க பாரு வடிவு. எப்படியும் இன்னும் ஒரு மணி நேரந்தான. அதுவரைக்கும் பயந்துக்கிட்டு நிக்கணுமா. நானே காத்த அடைச்சிருதேன். நாடி நின்னு மூணு நிமிசத்துல ஒன்னையத் தலைவியாக்கிரும்லா. கதவத் தொற, இழுத்துப் போடு, நெஞ்சுக்கு அந்த மிசின வையி. சிலவேள திரும்பிருவேன். ஒன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, கேட்டியா. பேர எழுதுனதுக்காகல்லாம் கெடந்து அழாத."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். வேறு வழி தெரியவில்லை. எனக்கு அவர் வேண்டும்.

இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியை உள்கதவுக்குப் பக்கத்தில் வைத்து, காற்றுடை அணிந்து நின்றேன்.

பகல் 3:00

1:38க்கு நாடி நின்றது. 1:41க்கு வீடு பேசியது: "தங்கள் இழப்பில் பங்கு கொள்கிறோம்." விளக்குகளைத் தானே மங்கலாக்கியது. துக்க வீட்டுக்கு அப்படி ஒரு அமைப்பு உண்டு.

பிறகு படிவம் வந்தது. புதிய தலைவி பெயர். குரல் பதிவு மூன்று முறை. விம்மல் கலந்ததால் மூன்றும் செல்லாது, மறுபடி மூன்று. பத்து விரல் ரேகை. கையுறையைக் கழற்றினேன், வீங்கிய விரல்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை. மங்கிய வெளிச்சத்தில் எழுத்தும் தெரியவில்லை.

கடைசிப் பக்கம், வாரிசு பெயர். காலியாக விட்டால் நகராது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் பெயரையே அடித்தேன். "இவர் இறந்தவர். வேறு பெயர் தருக." ரெஜினா என்று அடித்தேன். உறவுமுறை கேட்டது. மகள் என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.

1:58க்குக் கதவு திறந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு போய் அவரை இழுத்து வந்தேன். கருவியை வைத்தேன். நாற்பது முறை வைத்தேன். நாற்பத்தொன்று.

மாலை 6:45

மீட்பு வண்டி வந்துவிட்டது. தட்டுகிறார்கள். உடைக்கும் சத்தம் என்று நினைத்து வீடு மறுபடி பூட்டிக்கொண்டது.

"குடும்பத் தலைவி அவர்களே, வெளியே இரண்டு பேர். திறக்கட்டுமா?"

நல்ல மரியாதை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளேதான் இருக்கிறேன். அவர் தலை என் மடியில் இருக்கிறது. ரெஜினா வானொலியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், திறங்க மேடம், திறங்க மேடம் என்று.

வீடு ஐந்தாவது முறை கேட்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை.