ஜாக்கிக் கம்பி என் பையில

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல மூடி வச்சிருக்கேன். கிரீஸ் கையோட பாத்திரத்தைத் தொடாதீங்க.

ஜாக்கிக் கம்பியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போட வேண்டாம். வேலைக்குக் கொண்டுபோறேன். வெறும் ஜாக்கியை நம்பி லாரிக்கு அடியில படுக்காதீங்கன்னு நேத்து சொன்னதுக்கு, "உனக்கு லாரியைப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டீங்க. ராத்திரி முழுக்க அதுதான் காதுல கேட்டுச்சு.

பழைய வண்டி ஊர்வலம் நடத்துறவர் சாயங்காலம் வருவார். ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு நம்ம பழைய லாரி வராட்டா குடி முழுகிடாதுன்னு சொல்லுங்க. பிரேக் பிடிக்கிற வண்டிங்க மட்டும் போகட்டும்.

பி.கு.: ஜாக்கியை இறக்கி, லாரியை மரக்கட்டைமேல உக்கார வச்சிட்டேன். கம்பி இல்லாம உங்களால லாரியைத் தூக்கிக் கட்டையை உருவ முடியாது. இது தெரியும் எனக்கு.

இன்னொண்ணு. கட்டை சரியா நிக்குதான்னு நானும் அடியில படுத்துப் பார்த்தேன். அங்கேருந்து வாசல் வழியா சமையலறைத் தரை மட்டும்தான் தெரியுது, நான் நிக்கிற இடம். என் குதிகால் வெடிச்சிருக்கிறதை நான் யார்கிட்டயும் சொல்லலையே, எப்படிச் செருப்பு வாங்கிட்டு வந்தீங்கன்னு இப்பத்தான் புரிஞ்சது.

சாயங்காலம் அதைப் போட்டுட்டு அங்கதான் நிப்பேன். பேச்சை மட்டும் நீங்க ஆரம்பிங்க.