மாட்டு டிராம் கம்பெனியும் உன் கல்யாணமும்

கணபதி, கோயமுத்தூர்
ஐப்பசி முதல் வாரம்

கண்ணு கதிர்வேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே மெல்போர்னில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன், இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் டீக்கடைப் போண்டாவை விடுவதாக இல்லை. பட்டறையில் இரண்டு லேத்தும் ஓடுகிறது, தீபாவளிக்கு முன்னால் பம்பு ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டும். மருமகளாக வரப்போகிற பிரவீனா போன ஞாயிறு பெருந்துறையிலிருந்து வந்து என்னோடு கூறைச் சேலை பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண், விலையைப் பார்க்காமல் நெசவைப் பார்க்கிறாள். இதெல்லாம் நல்ல சேதி. இனி நீ அனுப்பிய சேதிக்கு வருகிறேன். அம்மா, பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுப்போடுங்க, கல்யாண நேரத்துல எதுக்கு வம்பு என்று எழுதியிருந்தாய். கேட்க மாட்டேன். ஏன் என்று நீ முழுசாகத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பக்கம்.

நீ தினமும் டிராமில் ஏறி வேலைக்குப் போகிறாய், ஆனால் நம் குடும்பமே ஒரு டிராம் கம்பெனி நடத்திய கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பாவுடைய அப்பாரு, அதாவது தாத்தா, பங்காருவும், கோட்டைமேட்டுத் தோல் வியாபாரி அமீர் ஹம்சாவும் சரிபாதிப் பங்கில் ஆரம்பித்தது. ஸ்டேஷனிலிருந்து பஞ்சு மண்டி வரைக்கும் தெருவில் தண்டவாளம், அதன்மேல் பெட்டி, பெட்டியை இழுக்கக் காங்கேயம் காளை. குதிரையெல்லாம் நமக்கு எதுக்குங்க என்று சொல்லிவிட்டாராம் அப்பாரு. அதோடு விட்டாரா? தண்டவாளத்துக்கு எவ்வளவு அகலம் விடுவது என்று பேச்சு வந்தபோது, மதராஸில் டிராம் ஓடுகிறதே, அங்கிருந்து அளவு வாங்கிவருவோம் என்று ஹம்சா சொல்லியிருக்கிறார். நம்ம வண்டி அச்சுக்கு என்னங்க கொறச்சல் என்று அப்பாரு தோட்டத்து மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அளந்து, அதே அகலத்துக்குப் போட வைத்துவிட்டார். விளைவு என்ன? பள்ளம் வைத்த தண்டவாளம், வழவழவென்று இருக்கிறது, வண்டிச் சக்கரம் அச்சு வார்த்ததுபோல அதில் உட்கார்ந்துகொள்கிறது. ஊரிலுள்ள பஞ்சு வண்டி அத்தனையும் தண்டவாளத்தில் ஏறிக்கொண்டது. கல்லும் குழியுமாகக் கிடக்கிற ரோட்டில் எவன் போவான்? டிராம் பின்னால் நிற்கிறது. ஓட்டுகிறவன் வண்டிக்காரனைப் பார்த்து ஒதுங்குடா என்று சொல்லிவிட முடியுமா, நம் ஊரில்? முன்னால் போகிறவர் மாமனோ மச்சானோ பங்காளியோ. இறங்கிப் போய், ஏனுங்க மாமா, செத்த ஒதுங்கிக்கறீங்களா என்று கேட்க வேண்டும். அவர் ஊட்ல எல்லாரும் சௌக்கியமா, மழை உண்டா என்று விசாரித்து முடிப்பதற்குள் டிராமில் இருந்த சனம் இறங்கி நடந்தே மண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தண்டவாளத்தில் வண்டி ஏறக்கூடாது என்று பலகை வைப்போம் என்று ஹம்சா கெஞ்சியிருக்கிறார். நம்ம சனத்தைப் பார்த்து ஏறாதேன்னு எப்படிங்க சொல்றது என்று அப்பாரு மறுத்துவிட்டார். கம்பெனி அப்படித்தான் படுத்தது. இதுவரைக்கும் நம் வீட்டு விசேஷங்களில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்துச் சொல்லும் கதைதான், நானே கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஆனால் கதையை முடிக்கும்போது மட்டும் குரலை மாற்றிக்கொள்வார்கள். அந்த ஹம்சா தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்து வித்துத் தின்னுபோட்டான், அதனால்தான் கம்பெனி போச்சு என்பார்கள். அவர் பேரனுக்குப் பேரன் வரைக்கும் தண்டவாளம் திருடினவன் வீடு என்றே பெயர். அந்த வீட்டில் நம் ஆட்கள் ஒருவர்கூட இன்றுவரை கை நனைத்ததில்லை.

இப்போது கேள். போன வைகாசியில் மண்டி ரோட்டில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். தாருக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இரண்டு தண்டவாளமும் போட்ட இடத்தில் அப்படியே கிடக்கிறது! ஊரே வேடிக்கை பார்த்தது. நான் பட்டறை டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் இறங்கி அளந்தேன், அடுத்த நாளே தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் கிடக்கிற பழைய வண்டியையும் அளந்தேன். இம்மி பிசகவில்லை. நான் அளந்துகொண்டிருந்தபோது மேலே ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி நின்றார். தகரப் பெட்டிக் கடை வைத்திருக்கும் இல்யாஸ் பாய், ஹம்சாவின் பேரன், எண்பது வயதிருக்கும். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை மனுஷன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு, இது இங்கதான் கெடந்திருக்குதுங்களாம்மா, எங்க வாப்பா இதை ஒருதடவை பார்த்திருந்தா நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பாருங்க என்றார். கோயில் கும்பாபிஷேக மலருக்கு டிராம் கம்பெனி வரலாற்றை எழுதிக் கொடுக்கச் சொல்லி உன் பெரியப்பா என்னிடம் கேட்டிருந்தார் அல்லவா, அதனால், நான் எழுதறனுங்க பாய் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுதினேன். உன் பெரியப்பா கிருபாசங்கர் வாங்கிப் படித்துவிட்டு முதலில் சொன்னது என்ன தெரியுமா, அது வேற தண்டவாளமா இருக்குமுங்க! நம் ஊர் ரோட்டுக்கடியில் தண்டவாளம் என்ன கிழங்கா, போட்ட இடத்திலெல்லாம் விளைய? அப்புறம் உள்ளதைச் சொன்னார். கம்பெனி படுத்தது அப்பாரு தப்புன்னு எழுதினா நம்ம குடும்பத்துக்குப் பேரு என்னாகுமுங்க, நாளைக்கு அவரு பேருல மண்டபம் கட்டறோம் என்றார். அப்பாவும் அவர் பக்கம் சாய்ந்து, சில காரணங்களால் கம்பெனி நின்றது என்று ஒரு வரியில் முடித்துவிடேன் என்றார். நான் கேட்டேன், சும்மா இருந்துவிட்டால் பழைய பழி மட்டும் தானாக இறங்கிப் போய்விடுமா? எழுதினால் முழுசாக எழுதுவேன், இல்லாவிட்டால் என் பெயரைப் போடாதீங்க என்றேன். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? என் பெயரையே போட்டு, அடியில் ஹம்சாவின் துரோகத்தால் கம்பெனி அழிந்தது என்று தன் கைச்சரக்கைச் சேர்த்து அடித்துவிட்டார். என் பெயரில், கண்ணு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கணபதியிலேயே நம் பட்டறைக்குப் பில் புத்தகம் அடிக்கிற அச்சகத்தில் கொடுத்து, நான் எழுதியதை எழுதியபடியே தனியாக அடித்தேன். முதல் பிரதியை இல்யாஸ் பாய் கையில் கொடுத்து, அந்த வீட்டில் உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டு வந்தேன். மீதியைக் கும்பாபிஷேகத்தன்று கோயில் வாசலில் மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் நின்று மோர் வாங்க வந்த ஒவ்வொருவர் கையிலும் திணித்தேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் அங்கேயே நின்று படித்துச் சிரித்தார்கள். அப்பா தேர்முட்டிப் பக்கம் போய் ஒளிந்துகொண்டார், பாவம்.

அதற்குத்தான் உன் கல்யாணத்தில் கை வைக்கிறார் உன் பெரியப்பா. உனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை, மாப்பிள்ளை பக்கத்தில் அக்கா தங்கை நிற்கிற இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் லோகப்பிரியாதான் நிற்பாள் என்று அவள் பாவாடை கட்டின காலத்திலிருந்தே பேச்சு. அக்கா நிற்காமல் நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் கல்யாணமா என்று கேட்பார்கள். நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அடித்த புத்தகத்தைத் திரும்ப வாங்கினால்தான் பெண்ணை அனுப்புவாராம். லோகப்பிரியா போனில் அழுதாள், அப்பா உடமாட்டேங்கறாருங்க சித்தி, நான் என்னங்க பண்ணட்டும் என்று. நீ அழாதே அம்மணி, உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவைத்தேன். வேறு பங்காளி வீட்டுப் பெண் யாரையாவது நிறுத்திச் சமாளிக்கலாம் என்கிறார் அப்பா. வேண்டாம் என்றுவிட்டேன். பிரவீனாவிடமும் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, என்னைய யாராச்சும் கேட்டா நானும் இதையேதான் சொல்லுவனுங்க அத்தை என்றாள். இனி நீ மட்டும்தான் பாக்கி.

அங்கே வெயில் காலம் வருகிறது, தொப்பி போடாமல் வெளியே போகாதே, தை பிறக்கிறதற்கு ஒரு வாரம் முன்னதாகவே லீவு சொல்லிவிடு, டிக்கெட்டைக் கடைசி நேரத்துக்கு விடாதே. கொண்டத்துக் காளியம்மன் உன்னையும் பிரவீனாவையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் அம்மாவின் ஆசி உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முகூர்த்தத்தன்று சீர் நடத்துகிற அருமைக்காரர் இணைச்சீருக்குப் பெண்ணைக் கூப்பிடுவார். யாரும் வரமாட்டார்கள். உன் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும், மண்டபமே உன்னைப் பார்க்கும். நீ தலையைக் குனிந்துவிடாதே, நிமிர்ந்து நில். பெரியப்பா அடித்த மலரை எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்களோ தெரியாது, ஆனால் இணைச்சீருக்கு ஏன் ஆள் இல்லை என்று கேட்காமல் பந்திக்குப் போகிற ஒரு ஆள் நம் சனத்தில் கிடையாது. கேட்கட்டும். இல்யாஸ் பாயை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் சந்தனத் தட்டோடு நான்தான் நிற்கப்போகிறேன். கேட்கிற அத்தனை பேருக்கும் சொல்லுவேன்.

உன் அம்மா,
நஞ்சம்மாள்