கையில் குப்பையோடு வருகிறவர்களுக்கு மட்டும்

பாய்,

இன்று காலை பக்கத்துத் தெருச் சாக்கடையோரம் நகராட்சிக்காரர்கள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த நெடி ஜன்னல் வழியாக வந்து என் காப்பித் தம்ளருக்குள் இறங்கியது. "மாப்ள, இதுதாண்டா நம்ம சந்துக்கு அத்தரு" என்று நீ மூக்கை உறிஞ்சிக் காட்டுவாயே, அந்த முகம் தெரியுமோ என்று திரும்பிப் பார்த்தேன். சுவரில் காலண்டர்தான் ஆடிக்கொண்டிருந்தது. உன்னைப் பார்க்கும் விஷயத்தில் இப்போதெல்லாம் எனக்கு வாய்க்கிற அதிர்ஷ்டம் இவ்வளவுதான். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நம் சந்து முனை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதை என்னை விட்டால் வருங்காலத்துக்கு யார் சொல்வார்கள்? தருமபுரியில் வத்தல்மலைக்கு அடுத்த உயரம் நம் குப்பைமேடுதான். அதன் உச்சியில் மேகம் இடித்து மழை பெய்ததை நானே பார்த்தேன். அங்கே வளர்ந்த கொசுக்கள் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கேட்டுச் சண்டை போட்டன. பெண் பார்க்க வந்த காரிமங்கலத்துக்காரர்கள் முனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்கள். இந்தக் கடைசிச் சங்கதியில் மட்டும் நான் ஒரு சொட்டும் கூட்டவில்லை. அவர்கள் பார்க்க வந்த பெண், இன்று இட்லிக் கடை வைத்திருக்கிற நம் செல்விதான்.

எல்லா ஊரிலும் செய்கிற வைத்தியத்தைத்தான் தெரு சொன்னது: சுவரில் சாமி படம் வரைந்துவிடுவோம், எம்மதமும் சேர்ந்தாற்போல. உன் மெத்தைக் கடைப் பஞ்சு தாடியில் ஒட்டிக்கொண்டிருக்க, நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமி முன்னாடி போட மாட்டாங்க மாப்ள, நாலடி தள்ளிப் போடுவாங்க. படம் தலைய திருப்பிப் பாக்குமா? நா பாப்பேன்."

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மேட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாய். மைசூர் மகாராஜாகூட அத்தனை கம்பீரமாகத் தர்பார் நடத்தியிருக்க மாட்டார். பையோடு வந்த யாரையும் நீ திட்டவில்லை, குப்பை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. தொண்டையைக் கனைத்து, "உம் மவ பரீச்சை எப்டி எழுதுச்சு?" என்பாய். "அண்ணனுக்குச் சக்கரை கொறஞ்சுதா?" என்பாய். மகள் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே மீன் முள்ளை வீசி எறிகிற தைரியம் எவருக்கு வரும்? பை அப்படியே வீடு திரும்பும். பிறகு குப்பை வாங்க நகராட்சி பேட்டரி வண்டி வரும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

நகராட்சியிலும் அதே வேலையைத்தான் காட்டினாய். "மனு குடுத்தா அது ஃபைல் கட்டுக்குள்ள படுத்துக்கும். சாரை இங்க வந்து ஒரு டீ குடிக்கச் சொல்லு" என்றாய். சுகாதார ஆய்வாளர் வந்தார், உன் பக்கத்தில் உட்கார்ந்தார், கொசுக்கள் அவரை முறைப்படி வரவேற்றன. மேட்டை லாரியில் அள்ளிப் போனார்கள், சாக்கடைக்கு மூடி வந்தது. கவுன்சிலரம்மா விளக்கு வாங்கித் தந்தார். தெருவிலிருந்த கொத்தனார்கள் கல் பெஞ்சு கட்டினார்கள். நான் மேற்பார்வை என்ற மாபெரும் பொறுப்பை ஏற்று, கட்டி முடித்த முதல் பெஞ்சில் படுத்துத் தூங்கினேன். சாயங்காலமானால் அந்த முனையில் உட்கார இடம் கிடைக்காது.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் விடியலில் பையோடு முனைக்குப் போய், வெளிறிப்போய் ஓடி வந்தார். நீ உட்கார்ந்திருந்தாயாம். கனைத்தாயாம். "மருமவ திரும்பி வந்துட்டாளா?" என்று கேட்டாயாம். மருமகள் கோபித்துக்கொண்டு போனதை அவர் வெளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு தையல்காரர் பார்த்தார். பால்காரர் மனைவி பார்த்தார். ஆளுக்கொரு கேள்வி, ஒவ்வொன்றும் அவரவர் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்த சங்கதி.

குப்பை விழவில்லை, உண்மைதான். ஆட்களும் வரவில்லை. பெஞ்சுகளில் வேப்பஞ்சருகு மெத்தை போட்டது. பிள்ளைகள் அந்த இடத்தை ஓடிக் கடந்தார்கள். எரிகிற விளக்குக்குக் கீழே ஒருவரும் இல்லாத முனையைப் பார்க்கும்போது, பழைய குப்பைமேடே தேவலை என்று தோன்றியது.

கவுன்சிலரம்மா ஸ்கூட்டரை நிறுத்தி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எடம் சும்மா கெடக்குதுன்னு ஆபீசுல பேசறாங்க. நாலு தெருக் குப்பையும் சேத்து வைக்க பெரிய தொட்டி இங்கதான் வெக்கப் போறாங்களாம்."

"நீங்க விடுவீங்களா?"

"பகுதி சபா கூட்டத்துல நா என்னாத்த பேசறது? நாலு பேரு உக்காந்திருந்தா வாதாடலாம். பாய் தெனம் வந்து உக்காந்துக்கறாருன்னு தீர்மானம் போட முடியுங்களா?"

செல்வியின் இட்லிக் கடையில் நின்று பிரகடனம் செய்தேன். பாய் இல்லை, ஆவியும் இல்லை, இந்த முனையில் அவனோடு காலமெல்லாம் உட்கார்ந்த என் கண்ணுக்கே தெரியவில்லையே என்றேன். வாழ்நாளில் நான் கலப்படமில்லாமல் சொன்ன முதல் உண்மை அது. ஒருவரும் நம்பவில்லை.

செல்வி சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு எப்டித் தெரியும் மாமா? நீங்க ஒரு நாளாச்சும் கையில குப்பையோட போனீங்களா?"

தட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து வெங்காயத்தோல், தேங்காய்நார், முட்டை ஓடு எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தேன். விடிகிற நேரம் முனைக்குப் போனேன். தொட்டியைத் தடுக்க அல்ல, பாய். உன்னைப் பார்க்கப் போனேன். உன் பழைய இடத்துக்கு எதிரே நின்று, வீசுகிறவனைப் போலக் கையை ஓங்கினேன். காத்திருந்தேன். என்னிடம் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும், பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். காற்றுகூட அசையவில்லை.

பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது. என் உயிர் சேலம் வரை போய்த் திரும்பியது.

செல்வி. மாவு அப்பிய கையோடு நின்றாள். "மாமா, உங்க மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரி போனீங்களா இல்லீங்களா?"

"போகல."

"ஏன் போகல? உக்காருங்க, சொல்லுங்க." சருகைத் தள்ளிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னையும் இழுத்து உட்காரவைத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாமா முனையில் குப்பை போடப் போகிறார் என்ற அவதூறு, தையல்காரர் வீட்டைத் தாண்டி இண்டூர் வரைக்கும் போயிருக்க வேண்டும். "இந்த வயசுல உமக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராக வந்து, நின்று பார்த்து, கால் கடுத்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறும்போது பெஞ்சில் இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் மருமகள் சங்கதியை அவராகவே சொல்லி அழுதார். கவுன்சிலரம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே போனில் படம் எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டித்தான் வாதாடினார். தொட்டி ஊருக்கு வெளியே இருக்கிற காலி இடத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் உன்னைப் பார்த்ததாகச் சொல்வதில்லை. கேட்டால், "அதெல்லாம் அப்ப, மாமா" என்கிறார்கள்.

நான் மட்டும் இன்னும் விடியலில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். சந்து மொத்தமும் அதைப் பெரிய தந்திரம் என்று மெச்சுகிறது. நான் பையோடு போனால்தான் தங்களுக்கு வெளியே வரத் தோன்றுகிறது என்கிறார்கள். நானும் மீசையைத் தடவி ஆமாம் என்கிறேன். அவர்களின் கதவு திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறது, பாய். முனையில் நானும் பையும் மட்டும். அந்த நேரத்துக்காகத்தான் போகிறேன்.