ஒரு கூறைக்கு ஆறு பை

இல்ஃபோர்ட், இலண்டன்
22.06.2025

அன்புள்ள மரியநாயகி அக்காவுக்கு,

நானும் மேனுஷாவும் நல்ல சுகம். நீங்களும் மகன் றஜீவும் சுகமாயிருக்க மடு மாதாவையும் என் பிள்ளையாரையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். ஒருவர் மறந்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசியில் அலட்டுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் வாய் வரவில்லை அக்கா. மூன்று தரம் தொடங்கிவிட்டு, மன்னாரில் மழையா என்று கேட்டு மழுப்பினேன்.

மடுத் திருவிழாவுக்கு வருகிற கிறிஸ்துநாயகம் அண்ணை கையில் இந்தப் பொதியைக் கொடுத்துவிடுகிறேன். றஜீவின் செயற்கைக் காலுக்குள் போடும் பருத்திக் காலுறை பத்து இருக்கிறது. வெக்கைக்குப் புண்படாது. அடியில், தலையணை உறைக்குள் ஒன்று சுற்றி வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும்.

மகளின் கலியாண அலுவல்கள் நடக்கின்றன. மாப்பிள்ளை கீர்த்தனன் தங்கமான பிள்ளை. தமிழ்தான் கொஞ்சம் தடக்கும். உங்கள் இருவருக்கும் விசா கிடைத்த அன்று நான் ரயிலிலேயே அழுதுவிட்டேன். மேனுஷாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. றஜீவ்தான் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். “குனிய ஏலும் சித்தி, பழகிப் பாத்திட்டன்” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது.

கலியாணக் கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள். ஆனால் போன மாதம் மேனுஷா என் சூட்கேஸைக் கிளறி, என்னுடைய கூறையைக் கண்டுவிட்டாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. பதிவு எழுத்துக்கு அம்மாவின் கூறையைத்தான் கட்டுவேன் என்று அடம்பிடிக்கிறாள்.

ஓம் அக்கா, என் கூறை. நீங்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிப்பீர்கள் என்று தெரியும்.

கடைசிச் சண்டையில், மாத்தளன் கடற்கரையில் பங்கர் குழி வெட்ட வெட்ட மணல் சரிந்தது. மண்மூட்டை அடுக்க உரப்பை இல்லை. சனம் கொண்டுவந்த சேலைகளில் நான் கைமெசினில் பை தைத்தேன். மெசினுக்கு எண்ணெய் இல்லாதபோது தலைக்கு வைத்திருந்த கடைசித் தேங்காயெண்ணெயை நீங்கள் விட்டீர்கள். நூலும் முடிந்த பிறகு மீன்வலையைப் பிரித்துக் கையால் தைத்தோம். நைலெக்ஸ் வழுக்கும், பருத்தி இற்றுப்போகும், பட்டுத்தான் ஈரமண்ணைத் தாங்கும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். ஒரு கூறைக்கு ஆறு பை வரும் என்று சொன்னவளும் நானே.

எங்கள் பங்கர் வாசலின் இரு பக்கமும் ஆறாறு பை குறைவாக இருந்தது. நீங்கள் உங்கள் கூறையை நீட்டி, “ரூபி, உன்ரை எங்கை?” என்று கேட்டீர்கள். இரணைப்பாலையில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அது அப்போது என் சட்டைக்குள், இடுப்பில் சுற்றியிருந்தது.

மேனுஷாவின் அப்பா செல்லடியில் போய் அப்போது இருபது நாள். தாலியை அரிசிக்குக் கொடுத்தாயிற்று. அவர் எடுத்துத் தந்ததில் மிச்சம் அது ஒன்றுதான். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. உங்களவரும்தான் போயிருந்தார். நீங்களோ கத்தரிக்கோலை வாங்கி உங்கள் கையாலேயே வெட்டினீர்கள்.

இடப்பக்கத்தை உங்கள் கூறை மறைத்தது. வலப்பக்கத்தில் ஒரு பாயைத் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் செல் துண்டு அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டு றஜீவின் காலுக்கு வந்தது. துணி, துணி என்று கத்தினீர்கள். அப்போதும் நான் அவிழ்க்கவில்லை. பாவாடையைக் கிழித்துத் தந்தேன். அதற்கு நீங்கள் இன்றுவரை நன்றி சொல்கிறீர்கள். பதினாறு வருடமாக என்னைத் தின்பது அந்த நன்றிதான்.

ஃபாரஸ்ட் கேட்டில் நான் உடுப்புத் திருத்தும் கடையில் நூல் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஊசி முறிந்தால் வேறு ஊசி. மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போடச் சொல்வார்கள். நான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன், மண் தாங்குமா என்று. ஆறு பை அந்தச் செல் துண்டை மறித்திருக்குமா, தெரியாது. மறித்திராது என்று சொல்லி நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம்.

தலையணை உறைக்குள் இருப்பது அதுதான். சலவைக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மேனுஷாவிடம் இன்னொரு பொய் சொல்லிவிட்டேன். என் பிள்ளையின் தோளில் அதை உங்கள் கையால் போட மனம் வந்தால் கொண்டு வாருங்கள். வராவிட்டால் வெட்டிவிடுங்கள். ஆறு பைக்கு வெட்ட வேண்டிய இடங்களில் வெள்ளை நூல் ஓட்டியிருக்கிறேன்.

றஜீவிடம் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். எதுவானாலும் வாருங்கள் அக்கா. அந்தச் சேலை இல்லாமல் எழுத்து நடக்கும். நீங்கள் இருவரும் இல்லாமல் எனக்கு அது நடந்ததாக இராது.

மாதா உங்களைக் காக்கட்டும். மகனின் காலுக்கு நோ வராதிருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
ரூபி
(சிவரூபினி யோகலிங்கம்)